அடித்தண்ணீர்

போன மாதம் எங்கள் பழைய மீன்வள ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கருவி வைத்திருந்தார். கம்பிபோல் நீண்ட முனையைத் தண்ணீரில் விட்டால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டிவிடுமாம். என் வீட்டுத் தொட்டியிலேயே விட்டுக் காண்பித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் வந்தது கருவியைக் காட்ட அல்ல. பழைய கோப்புகளைத் தூசி தட்டும்போது படுகை அணை ஒன்றைப் பற்றிய தாள் கிடைத்ததாம். எல்லாக் கட்டங்களிலும் எண்கள் இருக்க, ஒரு கட்டத்தில் மட்டும் 'அளக்கவில்லை' என்று எழுதி, கீழே என் முழுக் கையெழுத்து இருந்ததாம். அலுவலகத் தாளில் இப்படி யாராவது எழுதிக்கொடுப்பார்களா, ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. எனக்கு ராயப்பர் பெயரை வைத்தார்கள். மீன் பிடித்த அப்போஸ்தலரின் பெயர். எனக்கோ தூண்டிலில் புழு கோக்கக்கூடத் தெரியாது. முதல் வருடம் முழுக்கப் பாட்டில் கழுவினேன், மீனின் நீளம் அளந்தேன், செதில் எண்ணினேன். இரண்டாம் வருடம் நோணாங்குப்பத்துக் கழிமுகத்தில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை பார்த்துவந்தேன். மூன்றாம் வருடம் மதாம் வந்தார்.

மதாம் செலின் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. பிரெஞ்சுப் படிப்பு படித்த தமிழ்க் குடும்பம். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பியூனிலிருந்து ஜீப் ஓட்டுபவர்வரை எல்லோரும் 'முசியே'தான், பிரெஞ்சில் ஐயா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அது நல்ல குணம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். கூட வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தத் தாழ்ந்த குரல் எவ்வளவு கனம் என்று. தாளைக் கொடுத்தால் ஒவ்வொரு எண்ணிலும் பென்சில் முனையை வைத்து, "இது நீங்க பாத்ததா, நெனச்சதா?" என்பார். பார்த்தது என்றால் அடுத்த எண்ணுக்குப் போவார். தயங்கினால் பென்சில் அங்கேயே நிற்கும். நாம் வாயைத் திறக்கும்வரை அசையாது. சரியாகச் செய்த வேலைக்குப் பாராட்டும் கிடையாது. தாள் திரும்பி வராமல் இருந்தால் அதுதான் பாராட்டு.

பிராணவாயு பார்க்கும் முறையை அவர்தான் எங்களுக்கு மறுபடி முதலிலிருந்து பழக்கினார். கண்ணாடி மூடி போட்ட சின்னப் பாட்டிலைத் தண்ணீருக்கு உள்ளேயே வைத்து நிரப்ப வேண்டும். ஒரு குமிழிகூட உள்ளே நிற்கக்கூடாது. நின்றால் வெளிக்காற்று சேர்ந்து கணக்கு பொய்யாகிவிடும். பிறகு இரண்டு மருந்துகளை, உறிஞ்சுகுழாயின் முனை தண்ணீருக்குள் முழுகியிருக்கும்படி பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக விட வேண்டும். மூடித் தலைகீழாகப் பத்துத் தடவை புரட்ட வேண்டும். பழுப்பாகத் திரிந்து வந்தால் தண்ணீரில் உயிர் இருக்கிறது. நிறம் வெளுக்க வெளுக்க உயிர் குறைவு. பால் திரிந்ததுபோல் வெள்ளையாகவே நின்றுவிட்டால் அந்தத் தண்ணீரில் கொஞ்சமும் பிராணவாயு இல்லை. அதற்குமேல் அமிலம் விட்டு, சொட்டுச் சொட்டாகக் கணக்கு எடுப்பது ஆய்வுக்கூடத்தில். ஆனால் ஆற்றங்கரையிலேயே நிறம் சொல்லிவிடும்.

இதையும் விடியற்காலையில்தான் செய்ய வேண்டும். பகலில் பாசி வெயிலை வாங்கிப் பிராணவாயுவை வெளியே விடும். இருட்டில் அதுவும் சேர்ந்து இழுத்துக்கொள்ளும். பொழுது புலரும் நேரத்தில்தான் தண்ணீர் மிக மோசமாக இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு ஆறு நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது பொய் என்பார் மதாம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. மாசி மாதமே சங்கராபரணி ஆற்றில் ஓட்டம் நின்றுவிட்டது. வில்லியனூருக்கு மேற்கே ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய ஒரு படுகை அணை. அதன் மேற்புறத்தில் நின்ற தண்ணீரை வாய்க்கால் வழியாகவும் ஆயில் இன்ஜின் வைத்தும் நவரை நெல்லுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்புறத்தில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. மணல்தான் தெரிந்தது. அணைக்குக் கீழே ஆழமான பள்ளத்தில் ஒரே ஒரு மடு மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு மைல் ஆற்றில் இருந்த மீன் எல்லாம் அந்த ஒரு மடுவுக்குள் வந்து அடைந்துவிட்டது.

இதைச் சொல்ல எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் கன்னியப்பன். அணைக்குக் கீழே ஆற்றில் வலை வீசிப் பிழைக்கும் ஏழு குடும்பங்களில் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். பஸ் ஏறி நகரத்துக்கு வந்து, கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் மாடியைக் கண்டுபிடித்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மீன் செத்து மிதக்கிறதா என்று கேட்டேன்.

"செத்திருந்தா நான் எதுக்கு சார் வரேன்? சாவப் போவுது. அதான் வந்தேன்" என்றார்.

மடுவில் இப்போது வலை வீசினால் கை வலிக்க அள்ளலாம், ஆனால் யாரும் வீசவில்லை என்றார். உள்ளே இருப்பது அடுத்த மழைக்கு முட்டை போடவேண்டிய பெரிய வாளையும் கெண்டையும். அதை அள்ளித் தின்றுவிட்டால் அடுத்த வருடம் ஆற்றில் தண்ணீர் வந்தாலும் மீன் வராது. ஏழு குடும்பமும் பேசி வைத்துக்கொண்டு கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியலில் நான் அங்கே இருந்தேன். மடுவில் பாட்டிலை முழுக்கி மருந்து விட்டுப் புரட்டினேன். பழுப்பு வரவில்லை, வெளிறிய மஞ்சளாக நின்றது. மேலே மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். வாளைக்கும் கெண்டைக்கும் அந்த வழி கிடையாது. நான்கு நாள் தொடர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது.

மதாம் நான்கு நாள் எண்களையும் எடுத்துக்கொண்டு பாசன அலுவலகத்துக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வரும்போது ஒரு கடிதம் இருந்தது. அணையின் மணல்போக்கி ஷட்டரை ஒரே ஒரு முறை, ஆறு மணி நேரம் திறக்கலாம். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு மூன்று வேலை சொன்னார். திறப்பதற்கு முன் மடுவை அளக்க வேண்டும். அணைக்கு மேற்புறம் மேல்தண்ணீரை அளக்க வேண்டும். அதே இடத்தில், ஷட்டரை ஒட்டி, எடை கட்டிய பாட்டிலை அடிவரை இறக்கி அடித்தண்ணீரையும் அளக்க வேண்டும். மூன்றும் ஆனபிறகுதான் திறக்க வேண்டும். அவருக்கு மறுநாள் அதிகாரிகள் கூட்டம் இருந்ததால் நான் மட்டும் போக வேண்டியிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த அணையின் வாய்க்காலில் கடைமடையில் இருந்த ஒன்றரைக் காணி நிலம் என் அக்கா அற்புதத்தினுடையது. அக்கா வீட்டுக்காரர் சவரிமுத்து மாமாதான் அந்த ஊர் விவசாயிகளுக்கு முன்னால் நின்று பேசுபவர். நெல் அப்போது பால் பிடிக்கும் பருவத்தில் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு தண்ணீர் தவறினால் கதிர் பதராகிவிடும். கடைமடைக்கு இன்னும் முறை வரவில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். மதாமுக்கும் தெரியும். உங்கள் அக்கா நிலம் இருக்கிறதே, வேறு ஆளை அனுப்பவா என்று ஒரு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் நான் போய்ச் சேரும்போது அணைமேல் நாற்பது பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டரைத் திருகும் மேடையில் மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லஸ்கர் ஏழுமலை, ஷட்டரைத் திறந்து மூடும் ஊழியர், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளிப்போய் நின்றார். கீழே மணலில் கன்னியப்பனும் அவருடைய ஆட்களும்.

கடிதத்தைக் காட்டினேன். மாமா வாங்கிப் படிக்கவில்லை.

"மச்சான், எங்க வூட்டுச் சோறு தின்னு வளந்தவன் நீ. உங்க அக்கா பயிரு நிக்கறது உனக்குத் தெரியும். மீனுக்கு வாய் இருக்குன்னு வந்துட்ட. நெல்லுக்கு இல்லியா?"

மடுவில் இருப்பது ஒரு நாளோ இரண்டு நாளோதான் தாங்கும் என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து என் பாட்டில் பெட்டியைக் காலால் தள்ளினார். மாமா அவரைப் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டே போனது. மூன்று மணி நேரம் பேச்சு. ஆறு மணி நேரம் முடியாது என்றார்கள். நாலு என்றேன். ஒரு மணிகூட இல்லை என்றார்கள். கடைசியில் கீழேயிருந்து கன்னியப்பன் ஏறி வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், ஒரு சாக்கை மாமாவின் காலடியில் பிரித்தார். உள்ளே ஒரு வாளை. கை நீளம் இருக்கும். வயிறு லேசாக ஏறி இறங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றது.

மாமா எழுந்தார். "ரெண்டு மணி நேரம். ஒரு நிமிஷம் கூட ஆவக்கூடாது" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் தவறினேன். மடுவைக் காலையிலேயே அளந்திருந்தேன். வந்தவுடன் மேல்தண்ணீரையும் கரையோரமாகப் பார்த்துவிட்டேன்; நல்ல பழுப்பு. அடித்தண்ணீருக்கு ஷட்டர் மேடையில் நின்று பாட்டிலை இறக்கவேண்டும். அங்கே இத்தனை நேரம் மாமா உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்துவிட்டார். பாட்டிலை இறக்கி, மருந்து விட்டு, நிறம் தெரிய இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தில் யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயந்தேன். மேல்தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். ஏழுமலையைப் பார்த்துத் தலையசைத்தேன்.

ஷட்டர் கிறீச்சிட்டு எழுந்தது. மணல்போக்கி என்பது அணையின் அடிமட்டத்தில் இருக்கும் வாய். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த தண்ணீரின் அடிப்பகுதிதான் முதலில் வெளியே வரும். கறுப்பாக வந்தது. அழுகிய முட்டை நாற்றம் மேலே நின்றவர்களை மூக்கைப் பொத்தவைத்தது. அது மணலில் ஓடி மடுவுக்குள் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சரியாக எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மடுவின் மேற்பரப்பு முழுவதும் கொதிப்பதுபோல் ஆயிற்று. பிறகு ஒவ்வொன்றாக வெள்ளை வயிறு திரும்பியது.

கன்னியப்பன் கையை ஆட்டிக்கொண்டு கத்தினார். மூடச் சொன்னேன். மூடினார்கள். கன்னியப்பனும் ஆட்களும் இடுப்பளவு இறங்கி, உயிர் இருப்பதை ஈரச் சாக்கில் அள்ளி மடுவின் மறு ஓரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் இறங்கினேன். மடுவில் பாதிக்குமேல் போய்விட்டது. மேலே விவசாயிகள் மடுவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவர்களுடைய தண்ணீரும் போயிற்று, மீனும் போயிற்று.

கரையேறி, ஷட்டர் மேடையிலிருந்து அடித்தண்ணீரைப் பாட்டிலில் எடுத்தேன். மருந்து விட்டேன். சுண்ணாம்புபோல் வெள்ளை. அதை அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கலாம். நேரத்தை மட்டும் இரண்டு மணி நேரம் முன்னால் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது; அளந்தும் திறந்தது ஏன் என்ற கேள்வி வேண்டுமானால் வந்திருக்கும். வெறுமனே விட்டிருந்தாலும் மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். பஸ்ஸில் வரும்போது முழுக்க இதையேதான் யோசித்தேன். ஆய்வுக்கூடத்தில் விளக்கைப் போட்டு, 'திறப்பதற்கு முன் அடித்தண்ணீர்' என்ற கட்டத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பயமாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள்.

காலையில் மதாம் படித்தார். பென்சிலை அந்தச் சொல்லின்மேல் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"ஜீப் எடுக்கச் சொல்லுங்க, முசியே" என்றார்.

அணையில் முந்தின நாள் அளவுக்கே கூட்டம். மதாம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அணைமேல் நடந்து நடுவில் போய் நின்றார். எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் கேட்டார்: "தெறக்கறதுக்கு முன்னாடி அடித் தண்ணியப் பாத்தீங்களா?"

"பாக்கல" என்றேன்.

"ஏன்?"

"இவங்க மனசு மாறிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

மதாம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "தப்பு எங்களுது. நீங்க குடுத்த தண்ணி வீணாப்போச்சு. இன்னும் இருக்கற மீன் நாளைக்கோ மறுநாளோ போயிடும். இன்னொரு தடவை தண்ணி கேக்க எங்களுக்கு மூஞ்சி இல்ல" என்றார். அவ்வளவுதான். பிறகு கீழே இறங்கிப் போய் மடுவில் தானே பாட்டிலை முழுக்கினார்.

அப்போதுதான் என் அக்கா வாய் திறந்தாள். கூட்டத்தில் பெண்கள் நான்கைந்து பேர் ஓரமாக நின்றிருந்தார்கள். அவள் இருந்தது எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ராயப்பா, மீனுக்குத் தண்ணி பத்தலியா, தண்ணியில காத்து பத்தலியா?"

காற்றுதான் என்றேன். முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது.

"அப்ப எதுக்கு எங்க தண்ணியக் கேக்கறீங்க? மெஷினை மடுவுல எறக்கு. அதுல இருக்கற தண்ணியவே இழுத்து ஒசரத்துலேந்து அதுலயே கொட்டு. கொட்டற தண்ணியில காத்து ஏறாதா?"

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் வீட்டு இன்ஜினைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கடைமடைக்கு முறை வரும்போது அந்த இன்ஜின் வேண்டும். அது பகலில்தானே, விடியற்காலையில் சும்மாதானே நிற்கிறது என்றாள் அக்கா. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டி பூட்டச் சொல்லி ஒருவரை அனுப்பினார்.

கன்னியப்பன் இன்ஜினின் உறிஞ்சு குழாய் முனையில் மீன் சிக்காமல் இருக்க மூங்கில் கூடை கவிழ்த்து, அதன்மேல் பழைய வலையைச் சுற்றிக் கட்டினார். வெளிக்குழாயை மூன்று ஆள் உயரத்துக்குக் கம்பு நட்டுத் தூக்கிக் கட்டினோம். அதன் அடியில் கருங்கல் அடுக்கி, தண்ணீர் கல்லில் விழுந்து சிதறும்படி செய்தோம். டீசலுக்கு மதாம் அலுவலகத்தில் ஏற்பாடு செய்தார். ஒரு மணி நேரம் ஓடியபின் குழாய் விழும் இடத்தில் பாட்டிலை முழுக்கினேன். அவசரத்தில் முதல் பாட்டிலில் குமிழி நின்றுவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி எடுத்தேன். மருந்து விட்டுப் புரட்டினேன். பழுப்பு வந்தது. மீன்கள் ஏற்கெனவே அந்த மூலைக்கு வந்து கூடியிருந்தன.

அறுவடை முடியும்வரை மூன்று வாரம், தினமும் விடியலில் இன்ஜின் ஓடியது. மாமா வீட்டு இன்ஜின் ஐந்து நாள். பிறகு கேட்காமலே வேறு இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டார்கள். அறுப்பு ஆனபின் மேலே மிச்சமிருந்த தண்ணீரை, இந்த முறை வாய்க்கால் தலைப்பிலிருந்து மேல்தண்ணீராக, கீழே இறக்கிவிட்டார்கள். அக்காவின் நிலத்தில் முறை இரண்டு நாள் தள்ளி வந்தது. நான் வீணடித்த தண்ணீர்தான் காரணம். மூன்றில் ஒரு பங்கு பதர். தூற்றும்போது நான் போயிருந்தேன். பதர் பறந்து என் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அக்கா சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

என்மேல் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'அளக்கவில்லை' என்ற தாளையே இணைத்துப் பதில் கொடுத்தேன். மதாம் அதன் கீழே ஒரு வரி சேர்த்து அனுப்பினார்: ஆளைத் தனியாக அனுப்பியது என் முடிவு. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு எங்கள் பிரிவில் எந்த ஷட்டர் வேலைக்கும் இரண்டு பேராகத்தான் போனோம்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஆறு செம்மண் நிறத்தில் இறங்கி, அணைக்குக் கீழே மட்டம் ஏறிக்கொண்டே வந்து, இரண்டு நாளில் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே மட்டமாயிற்று. மடுவில் பிழைத்த வாளைகள் அணைமேல் வழிந்த தண்ணீரை எதிர்த்து ஏறின. சில முதுகு தெரியக் கல்லில் உரசிக்கொண்டு, சில வாலை அடித்துத் தாவிக்கொண்டு. மாமா, கன்னியப்பன், ஏழுமலை, மதாம், நான் எல்லோரும் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றோம். எண்ண முயன்றேன். இருபதுக்குமேல் தவறவிட்டேன்.

எண்பதுகளில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஆற்றில் தண்ணீர் நிற்கும் மாதங்கள் குறைந்தன. இன்ஜின் இறக்கிக் காப்பாற்ற மடுவே இல்லாத கோடைகளையும் பார்த்தேன். அப்போது அளந்து எழுதினோம், அனுப்பினோம். சில கடிதங்களுக்குப் பதில் வந்தது. பலவற்றுக்கு வரவில்லை. ஆகவே அந்த ஒரு வருடத்தைப் பெரிய வெற்றி என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் மறு வருடம் கோடைக்கு முன் கன்னியப்பன் முதல் வலை வீசியபோது விழுந்த பெரிய வாளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். எங்கள் அலுவலகத்துக்கு ஒன்றும் வரவில்லை. வந்திருக்கவும் கூடாது. அன்று சாயங்காலம் மாமா சைக்கிளில் ரெட்டியார்பாளையம்வரை வந்தார். மீன்குழம்பு மணந்த, மூடி போட்ட தூக்குப் பாத்திரம் ஒன்றைத் திறந்துகூடக் காட்டாமல் என் மனைவி கையில் கொடுத்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். நவரைக்கு நாற்று விட்டிருக்கிறது, தண்ணீர் கட்டப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.